ஈடு நம்முடையது, முதலுரிமை யாருடையது?

மூன்றாண்டுகட்கு முன் ஒருநாள் மாலை, என்னிடம் பள்ளியிறுதி வகுப்பில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். ஊரார் லேத்துப் பட்டறை என வழங்கும் கடைசற்பட்டறை ஒன்றுக்கு உரியவர். கையில் நான்கு பக்க ஆங்கில அறிவிப்பு ஒன்று இருந்தது. "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துச் சொல்லவேண்டும்" என்றார். தமிழாசிரியனிடம் ஆங்கிலத் தாளைக் கொண்டுவர நேர்ந்ததே என்னும் நாணத்தால் அவர் தலை கவிழ்ந்திருந்தது. நாணவேண்டியவர் அவரல்லர்.

படித்துப் பார்த்தேன். வைப்பகத்தில் (வங்கியைத்தான் சொல்கின்றேன்) பெற்ற கடனுக்குத் தவணை தவறியமையால் அறுபது நாளுக்குள் முழுத்தொகையையும் செலுத்தவேண்டும் என்றும், தவறின் ஈடாக வைத்த பட்டறைக் கட்டடமும் அதன் அடிநிலமும் கைக்கொள்ளப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. அவர் அதனை என்னிடம் கொணர்ந்தபோது அறுபதில் நாற்பத்தொரு நாள் கழிந்துபோயிருந்தது.

அவ்வறிவிப்பு, 'சர்பேசி' என்னும் குறும்பெயரால் வழங்கும் 2002-ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி விடுக்கப்பட்டது. வழக்குமன்றம் ஏறாமலே, ஈட்டை வைப்பகம் தானே கைக்கொண்டு விற்றுக்கொள்ள வழிசெய்யும் சட்டம் இது. இதன்கீழ் அதே ஆண்டில் இயற்றப்பெற்ற விதிகளில் ஒரு வேடிக்கை உண்டு. உடைமையைக் கைக்கொண்டபின் அதனை இரண்டு நாளிதழ்களில் வெளியிடவேண்டுமாம். அவற்றுள் ஒன்று அவ்வூர் மக்களின் மொழியில் இருக்கவேண்டுமாம். ஆகவே, கடன்பட்டவன் விழித்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய முதல் அறிவிப்பு ஆங்கிலத்தில் வரலாம். அவன் வீழ்ந்தபின் ஊரறியப் பறையறையும் அறிவிப்பு மட்டும் தமிழில் வந்தே தீரும்! தமிழுக்கு இச்சட்டம் அளித்த இடம் இது.

இம்மொழிக்கேட்டைப் பற்றி மட்டுமே எழுதுவதாயின் நம் இதழன்பர்க்கு அது புதுச்செய்தியன்று. யான் ஈண்டு எடுத்துரைக்க வந்தது வேறொரு கேடு. கடன் ஈட்டைப் பற்றிய சட்டங்களைத் தில்லி புதுக்குந்தோறும் தமிழ்நாட்டுக் கருவூலம் ஏதேனும் ஒன்றை இழந்து வருகின்றது. அவ்விழப்பு எவ்வளவென்று எந்த ஆட்சியும் கணக்கிட்டு மக்கள்முன் வைத்ததில்லை.

என் மாணவரின் பட்டறை ஏலத்தில் போயிற்று. வந்த பணம் முழுவதையும் வைப்பகமே எடுத்துக்கொண்டது. அப்படியும் கடன் தீரவில்லை. 2017-க்கு முற்பட்ட விற்பனைவரி நிலுவையும் அவர் பேரில் இருந்தது. அதற்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. சில திங்கள் கழித்து வணிகவரி அலுவலகத்தினின்று அவருக்கு ஓர் ஓலை வந்தது: நிலுவை அப்படியே உள்ளது, செலுத்துக என்று. அவ்வோலை நல்ல தமிழில் இருந்தது. பட்டறைதான் இல்லை.

ஈட்டின்மேல் முதற்கை வைக்கும் உரிமை யாருக்கு என்பதே இங்கு எழும் வினா. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இவ்வினாவுக்குத் தன் விடையைப் பல்லாண்டுகட்கு முன்பே எழுதி வைத்திருந்தது. 1959-ஆம் ஆண்டு பொது விற்பனைவரிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, வரி நிலுவையை வணிகரின் உடைமைமேல் ஏறிய பற்றாக்கியது. நிலவரிக்கும், கூட்டுறவு நிலவள வைப்பகத்திடம் உழவர் வைத்த அடைமானத்துக்கும் மட்டுமே அது பின்னிற்கும் என்றும், ஏனை எல்லாக் கோரல்களுக்கும் முன்னிற்கும் என்றும் கூறியது. 2006-ஆம் ஆண்டு மதிப்புக்கூட்டு வரிச் சட்டமும் இவ்வழியையே பின்பற்றியது. இவ்வரிசையை எண்ணிப் பாருங்கள். உழவனுக்குக் கடன்கொடுத்த கூட்டுறவு நிறுவனம் முன்னே. மக்கள் வரி அதன் பின்னே. வாணிக வைப்பகம் அதற்கும் பின்னே. இன்னாருக்கு இன்ன இடம் என்று ஒரு மக்கள் அவை தன் நெஞ்சறிந்து வகுத்த வரிசை அது.

கணக்கொன்று போட்டுக் காட்டுகின்றேன். இது விளங்குதற்பொருட்டு யானே அமைத்த கணக்கு. ஒரு தொழிற்சாலையின்மேல் வைப்பகக் கடன் 90 இலக்கம் உருபா. வரி நிலுவை 30 இலக்கம். ஏலத்தில் 80 இலக்கம் கிடைக்கின்றது. நம் சட்டமன்றம் வகுத்த வரிசைப்படி அரசுக்கு 30, வைப்பகத்துக்கு 50. இன்றைய வரிசைப்படி வைப்பகத்துக்கு 80, அரசுக்குச் சுழி.

வரிசை எவ்வாறு மாறிற்று? கேரளம், மராட்டியம் ஆகிய மாநிலங்களின் விற்பனைவரிச் சட்டங்கள் பற்றிய வழக்கில், மாநில வரியின் முதற்பற்றே வைப்பகக் கடனுக்கு முற்படும் என உச்சநயன்மன்றம் 2009-இல் தீர்ப்புரைத்தது. நடுவணரசு இயற்றிய கடன்மீட்புச் சட்டத்திலும் 'சர்பேசி'யிலும் வைப்பகத்துக்கு முதலுரிமை தரும் சொற்கள் இல்லை என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. இல்லாத சொற்களைச் சேர்த்துவிட்டால் போயிற்று! 2016-இல் நாடாளுமன்றம் அதனைத்தான் செய்தது. கடன்மீட்புச் சட்டத்தில் 31-பி என்றும், 'சர்பேசி'யில் 26-இ என்றும் இரண்டு பிரிவுகள் நுழைக்கப்பட்டன. நடுவணரசுக்கும் மாநில அரசுக்கும் ஊராட்சி நகராட்சிகட்கும் உரிய வரி, தீர்வை, பிற வருவாய் அனைத்துக்கும் முன்னதாக ஈட்டுக்கடனாளர்க்கே பணம் சேரவேண்டும் என்பது அவற்றின் சாரம். அவ்வாண்டு நவம்பரிலேயே சென்னை உயர்நயன்மன்றத்தின் முழு ஆயம், வணிகவரித் துறைக்கும் வைப்பகங்கட்கும் இடையே எழுந்த வழக்கில், புதிய வரிசையே செல்லும் என்று கூறிவிட்டது. 26-இ பிரிவு 2020 சனவரி 24 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆக, 1959 முதல் நம் சட்டமன்றம் கட்டிக்காத்த ஒன்று தில்லியில் சேர்த்த சில வரிகளால் அகன்றது. அதற்கு நம் இசைவைக் கேட்டார்களா? இழப்பு இவ்வளவாகும் என்று ஒரு தாளேனும் அனுப்பினார்களா?

சரக்கு பணிகள் வரி வந்தபின் இப்பேச்சுக்கு இடமேது என்பார் உளர். கன்னெய்யும் மதுவும் இன்றும் அவ்வரிக்குள் வாரா. அவற்றின்மேல் 2006-ஆம் ஆண்டுச் சட்டமே ஆள்கின்றது. பழைய நிலுவைகளும் ஒழிந்துவிடவில்லை. புதிய வரிச்சட்டத்தின் 82-ஆம் பிரிவு வரிக்கு முதற்பற்று உண்டு என்று சொல்வது மெய்யே. ஆயின், 2016-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்துக்கு உட்பட்டே என்று அதே வரியில் அதனைக் கட்டியும் போடுகின்றது.

மறுப்போர் சொல்லும் இரண்டு செய்திகளை யான் புறந்தள்ளவில்லை. வைப்பகத்திலுள்ள பணம் எளியோர் இட்டு வைத்த பணம். அதனை வாங்கியவன் திருப்பித் தருவதே முறை. ஈட்டை விரைந்து மீட்க இயலாவிடில் வைப்பகம் சிறுதொழிலருக்குக் கடன் கொடுக்கவே அஞ்சும். பெருங்கடன் வாங்கிக்கொண்டு கடல்கடந்து போனவர்க்காக யான் பரிந்துபேச வரவில்லை. இரண்டாவது, நடுவணரசும் தன் வரியைப் பின்னிறுத்திக்கொண்டதே, மாநிலத்துக்கு மட்டும் என்ன குறை என்பது. இதற்கு விடையுண்டு. பொதுத்துறை வைப்பகங்களின் பெரும்பங்குக்கு உரியவர் நடுவணரசினர். வைப்பகம் செழித்தால் பங்கீவு தில்லிக்குப் போகும். வலப்பையில் விட்டதை இடப்பையில் எடுத்துக்கொள்வார் அவர். தமிழ்நாட்டரசுக்கு அந்த இடப்பை ஏது? தன் பொருளைத் தான் விட்டுக்கொடுப்பவன் கொடையாளி. பிறன் பொருளையும் சேர்த்து விட்டுக்கொடுப்பவனை எப்பெயரால் அழைப்பது?

இனி வழக்குமன்றக் கட்டணம். அடைமானக் கடனை மீட்க வைப்பகமும் முன்னெல்லாம் உரிமையியல் மன்றத்தில்தான் வழக்கிட்டது. அதற்குரிய கட்டணம் 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி நம் கருவூலத்துக்கு வந்தது. கீழ்மன்றங்களில் தமிழை வழக்குமொழியாக்க 1976-இல் சட்டம் திருத்தப்பட்டமையால், கடன்பட்டவன் தன் மறுமொழியைத் தமிழில் தரவும் வழி இருந்தது. 1993-இல் பத்திலக்கம் உருபாவும் அதற்கு மேலுமான வைப்பக வழக்குகள் கடன்மீட்புத் தீர்ப்பாயத்துக்கு மாற்றப்பட்டன. 2018-இல் அவ்வெல்லை இருபதிலக்கம் ஆயிற்று. 2002-ஆம் ஆண்டுச் சட்டமோ, 34-ஆம் பிரிவால் உரிமையியல் மன்றத்தின் கதவையே சாத்திவிட்டது. இருபதிலக்க வழக்குக்கு, நூற்றுக்கு ஏழரை என்றிருந்த பழைய அளவில் ஒன்றரை இலக்கமும், 2017-இல் மூன்றாகக் குறைத்தபின் அறுபதினாயிரமும் மாநிலத்துக்கு வரவேண்டும். இன்று தீர்ப்பாயத்தில் செலுத்தும் கட்டணம் நடுவணரசுக்குப் போகின்றது. வழக்கிடாமலே ஈட்டை எடுத்துக்கொள்ளும்போது கட்டணம் என்னும் பேச்சே இல்லை. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் அமர்ந்துள்ள அத்தீர்ப்பாயங்களில் தமிழ் வழக்குமொழியும் அன்று. ஒரே வீச்சில் வருவாயும் போயிற்று, மொழியும் போயிற்று.

வருவாய் போனால் போகட்டும், செலவாவது அவர்களைச் சேர்ந்ததா? அதுவுமில்லை. 'சர்பேசி'யின் 14-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடன்பட்டவன் உடைமையை விட்டிறங்க மறுத்தால், வைப்பகம் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கும். பெருநகராயின் தலைமை நடுவரிடம் விண்ணப்பிக்கும். அவர் உடைமையைக் கைக்கொண்டு வைப்பகத்திடம் ஒப்படைக்கவேண்டும். 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு முப்பது நாள் கெடுவும் வைத்தது. கரணியம் எழுதி வைத்து நீட்டினாலும் அறுபது நாளுக்குமேல் கூடாது. ஆட்சியருக்கும் வட்டாட்சியருக்கும் உடன்செல்லும் காவலருக்கும் ஊதியம் தருவது தமிழ்நாட்டுக் கருவூலம். நம் அலுவலர் சென்று, நம் காவலர் நிற்க, நம் ஊரான் வீட்டைப் பூட்டி, திறவுகோலை வைப்பகத்திடம் கொடுக்க, வரும் பணத்தில் நம் வரி கடைசியில் நிற்கின்றது! உழைப்பவனுக்கு முதற்பந்தி இல்லாவிடினும் இலையேனும் உண்டா என்றால், அதுவும் உறுதியில்லை.

பதிவைப் பற்றியும் ஒரு சொல். ஆவணத்தைப் பதிவுசெய்து காக்கும் வழக்கம் தமிழர்க்கு வெள்ளையன் கற்பித்ததன்று. சோழர் காலத்து ஆவணக்களரியைக் கல்வெட்டுப் பயின்றார் அறிவர். இன்றும் தமிழகத்துச் சார்பதிவகங்களில் அடைமான ஆவணங்கள் பதிவாகின்றன. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மாநிலத்துக்குச் சேர்கின்றன. இதற்கு மேலாக 2011-இல் ஈட்டுப் பதிவுக்கென்றே ஒரு நடுவண் பதிவகம் தில்லியில் நிறுவப்பட்டது. ஒரே வீட்டு மூல ஆவணத்தைக் காட்டி இரண்டு மூன்று வைப்பகங்களில் கடன் வாங்கும் ஏய்ப்பைத் தடுக்க அது பயன்படுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பதிவகத்தை மாநிலந்தோறும் அமைத்து, ஒன்றோடொன்று கணினியால் இணைத்திருத்தல் ஆகாதோ?

சட்டத்தில் வழங்கும் சொற்களைப் பார்த்தாலும் நம் நிலை விளங்கும். கொடுத்தவன் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் விளைவை வட்டிக்கீடாக உண்பது ஒற்றி. நகையையும் கலத்தையும் வைப்பது அடகு. வேறுபாடு தெரிந்து வழங்கிய மக்கள் நாம். ஒற்றியைத் தள்ளிப் போக்கியம் என்னும் வடசொல் ஆவணங்களில் ஏறிக்கொண்டது. மதுரையிலும் தென்மாவட்டங்களிலும் 'ஒத்திக்கு வீடு' என்று கேட்கும் எளிய மக்கள் நாவில்தான் பழஞ்சொல் உயிரோடிருக்கின்றது. 1882-ஆம் ஆண்டு உடைமை மாற்றுச் சட்டமோ அடைமானத்தை ஆறு வகையாக்கி, அவற்றுள் ஒன்றுக்கு 'ஆங்கில அடைமானம்' என்றே பெயர் சூட்டியுள்ளது. அப்பெயர் இன்றளவும் மாறவில்லை. தமிழ் அடைமானம் என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

கடனீடு, வைப்பகம் என்பன நாடு முழுமைக்கும் ஒரே சட்டத்தால் ஆளப்படவேண்டியவை, மாநிலத்துக்கு விட்டால் குழப்பம் நேரும் என்று கற்றோரும் நம்பிக் கிடக்கின்றனர். அமெரிக்க ஒன்றியத்தைக் காண்க. உலகின் மிகப்பெரிய வாணிகம் நடக்கும் அந்நாட்டில், அசையும் பொருளை ஈடுவைத்துக் கடன்கொள்வது பற்றிய சட்டம் மாநிலச் சட்டம். அறிஞர் குழுக்கள் கூடிச் சீர்நிலை வாணிகச் சட்டத்தொகை என ஒன்றை வரைந்து 1952-இல் வெளியிட்டன. அதனை ஏற்பதும் மறுப்பதும் மாநிலத்தின் விருப்பம். பென்சில்வேனியா 1953-இல் முதலில் ஏற்றது. பின்னர் ஏனையவும் ஒவ்வொன்றாக ஏற்றன. அத்தொகையின் ஒன்பதாம் இயலே ஈட்டுக்கடன் பற்றியது. 2001-இல் அவ்வியல் புதுக்கப்பட்டபோதும், கணினிவழிப் பணத்தையும் ஈடாக்க 2022-இல் திருத்தங்கள் வரையப்பட்டபோதும், மாநிலந்தோறும் சட்டமன்றம் கூடித்தான் அவற்றை எடுத்துக்கொண்டன. ஈட்டுப் பதிவும் பெரும்பாலும் மாநிலச் செயலர் அலுவலகத்தில், கட்டணமும் மாநிலத்துக்கு. அத்தகைய சட்டவரைவு அவைக்கு வரும்போது, இதனால் மாநிலக் கருவூலத்துக்கு வரவென்ன செலவென்ன என்று கணக்கெழுதி உடன்வைக்கும் வழக்கம் அங்குப் பல மாநிலங்களில் உண்டு. ஒருமைப்பாடு கெட்டதா? வாணிகம் நின்றதா?

நமக்கோ, கடன்கொடுப்போரை ஒழுங்குபடுத்துவதும் உழவர் கடன்துயர் நீக்குவதும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 30-ஆம் இனமாகவே உள்ளன. வேளாண் நிலத்தின் கைமாற்றம் 18-ஆம் இனம். பெரும்பாலான ஆவணங்களுக்கு முத்திரைத் தீர்வை அளவு வகுப்பது 63-ஆம் இனம். 1938-இல் சென்னை மாகாணம் உழவர் கடன்துயர் தீர்ப்புச் சட்டம் இயற்றியது இவ்வகை உரிமையால்தான். கடன்கொடுப்போர் பற்றிய வங்காள மாகாணச் சட்டம் நடுவண் உரிமையில் தலையிடுகின்றது என்று வழக்கு வந்தபோது, இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1947-இல் அச்சட்டத்தையே நிலைநிறுத்தியது. அயலான் மன்றம் காத்த உரிமை அது. 2022-இல் உச்சநயன்மன்றமோ, நடுவண் வைப்பகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வைப்பகமல்லாப் பண நிறுவனங்கள்மேல் கேரள, குசராத்து மாநிலங்களின் கடன்கொடுப்போர் சட்டங்கள் செல்லா எனத் தீர்த்தது. தெருத்தெருவாக நகைக்கடன் விளம்பரம் கட்டும் பெருநிறுவனங்கள் இவ்வகையினவே. 30-ஆம் இனம் தாளில் இருக்கின்றது. ஆள்வதற்கு அதில் எஞ்சியது அடகுக் கடைக்காரர் மட்டுமே போலும்.

உரிமைதான் குறைந்தது, பொறுப்புக் குறையவில்லை. 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரை நகை வைத்தவர்களின் கடனைத் தமிழ்நாட்டரசு தள்ளுபடி செய்தது. ஏறத்தாழ 6,000 கோடி உருபா செலவாகும் என்று அறிவித்தபோது கூறப்பட்டது. தள்ளுபடி சரியா தவறா என்பது வேறு பேச்சு. கடன்பட்ட மக்கள் கைநீட்டுவது கோட்டையை நோக்கி. கடன் சட்டம் பிறப்பதோ தில்லியில்.

என் செய்யலாம்? வைப்பகத் தொழில் நடுவண் பட்டியலில் 45-ஆம் இனமாக இருக்கும்வரை, 26-இ பிரிவை நம் சட்டமன்றம் தானே நீக்கிவிட இயலாது. அது தெரிந்தே எழுதுகின்றேன். வெற்றுமுழக்கத்தால் வாசகரை ஏய்க்க விரும்பவில்லை. ஆயினும் இன்றே செய்யத்தக்கவை உள. 2016-க்குப்பின் ஈட்டு ஏலங்களில் பின்தள்ளப்பட்ட மாநில வரியும் நகராட்சி வரியும் எவ்வளவு, இழந்த வழக்குமன்றக் கட்டணம் எவ்வளவு, 14-ஆம் பிரிவுப் பணிகட்கு ஆட்சியர் அலுவலகங்கள் செலவிட்டது எவ்வளவு என்னும் கணக்கை வரும் வரவுசெலவுத் திட்டத்தோடு அவையில் வைக்கவேண்டும். நடுவணரசிடம் ஈடுகேட்க வேண்டுமானாலும் கையில் கணக்கு வேண்டுமன்றோ? தமிழ்நாட்டில் விடுக்கும் அறுபது நாள் அறிவிப்பு தமிழிலும் இருத்தல் வேண்டும் என்று விதியைத் திருத்தச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றித் தில்லிக்கு விடுக்கலாம். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

வணிகவரி அலுவலர்க்கு மற்றொன்று. நடுவண் பதிவகத்தில் தன் ஈட்டைப் பதியாத வைப்பகத்துக்கு 26-இ தரும் முதலுரிமை கிட்டாது என்று மும்பை உயர்நயன்மன்றத்தின் முழு ஆயம் 2022-இல் தீர்ப்புரைத்துள்ளது. வரி நிலுவைக்காக நாம் பற்றிய உடைமையை அதே பதிவகத்தில் பதிந்துவைக்கவும் சட்டம் வழிசெய்கின்றது. ஒவ்வொரு நிலுவைக் கோப்பிலும், வைப்பகம் என்று பதிந்தது, நாம் என்று பற்றினோம் என்னும் இரண்டு நாள்களையும் அருகருகே எழுதி வைக்கச்செய்தல் துறைத்தலைவரின் ஓர் ஆணையால் முடியும் செயல். என் மாணவரின் கோப்பில் அவ்விரு நாள்களையும் யாரேனும் ஒப்பிட்டுப் பார்த்தனரா என்று அவரிடம் கேட்டேன். வரி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொல்லிச் சென்றார். எழுதும்போது தமிழில் எழுதுக என்றேன்.